இருபத்தொன்று: பாங்கி ஏன் ஜெயிக்கிறது?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயக்கட்டையும் பரமபதப் படமும் வெளியே வருவதை, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மாணவர்களே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாயக்கட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு வேண்டும். முதலில் ஒரு சீட்டுக்கட்டும் கைநிறையப் புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். கணக்குக்குப் புளியங்கொட்டையே போதும்.

நாம் ஆடப்போவது 'பான்டூன்'. இங்கிலாந்தின் வீடுகளிலும் பட்டாள முகாம்களிலும் ஆடிய ஆட்டம். பிரெஞ்சு மொழியில் இருபத்தொன்றைக் குறிக்கும் 'வேன்த்தே அன்' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்கிறார்கள். இந்தக் குடும்பம் பழையது. ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸ் 1613இல் வெளியிட்ட ஒரு கதையிலேயே இருபத்தொன்று ஆட்டம் வருகிறது. அமெரிக்காவின் 'பிளாக்ஜாக்' இதற்குத் தம்பி.

ஒருவர் பாங்கிக்காரர். அவர் எல்லோருக்கும் முதல் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்த்துப் பந்தயம் வைத்தபின் இரண்டாவது சீட்டு. ஏஸுக்கு 1 அல்லது 11. ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்துப் பத்து. கூட்டுத்தொகை 21ஐ நெருங்க வேண்டும், தாண்டக் கூடாது. தாண்டினால் கொட்டை உடனே பாங்கிக்கு! 15க்குக் கீழே இருந்தால் நிறுத்த முடியாது, இன்னொரு சீட்டு கேட்டே ஆக வேண்டும். ஏஸும் ஒரு பத்தும் முதல் இரண்டிலேயே வந்தால் அதுதான் பான்டூன், இரட்டிப்புக் கிடைக்கும். ஐந்து சீட்டு வாங்கியும் 21ஐத் தாண்டாவிட்டால் அதற்கும் இரட்டிப்பு. கடைசியில் பாங்கிக்காரர் தன் சீட்டைத் திறந்து ஆடுவார். அவரைவிட உங்களுக்கு அதிகம் இருந்தால் அவர் கொடுப்பார். சமமாக இருந்தால்? பாங்கிக்கே வெற்றி.

52 சீட்டில் இரண்டை 1326 விதமாக எடுக்கலாம். பான்டூன் வருவது 4 × 16 = 64 விதம். ஏறக்குறைய 21 தடவைக்கு ஒன்று! (எண்ணின் குறும்பு, இதற்கு வேறு அர்த்தமில்லை.)

உங்கள் கையில் 10ம் 6ம். கண்ணுக்குத் தெரியாத சீட்டு 50. ஆறு முதல் ராஜா வரை எது வந்தாலும் தாண்டிவிடும், அவை 30. பிழைப்பது 20தான். ஆனால் பான்டூன் வராத சுற்றின் சீட்டுகளைக் கலைக்காமல் கட்டின் அடியில் வைப்பது விதி. முந்தைய சுற்றில் அத்தகைய பெரிய சீட்டு பத்துப் போயிருந்தால், மீதி 40இல் ஆபத்தானவை 20. பாதிக்குப் பாதி! பிளாக்ஜாக்கில் போன சீட்டுகளை நினைவில் வைத்து ஜெயிக்க முடியும் என்று கணித ஆசிரியர் எட்வர்ட் தார்ப் 1962இல் புத்தகமே எழுதினார்.

இப்போது தாயக்கட்டை. ஆளுக்கு ஒன்று. 0, 1, 2, 3 என்று முகங்கள். சேர்ந்து 16 வாய்ப்புகள். ஆறில் நீங்கள், ஆறில் பாங்கி, நான்கில் சமம். சமத்தைப் பாங்கிக்குக் கொடுத்தால் 10க்கு 6! ஆட்டத்துக்கு ஒரு கொட்டை வைத்தால், சராசரியாக 16 ஆட்டத்தில் 4 கொட்டை போய்விடும். பான்டூனில் இடைவெளி இவ்வளவு பெரிதல்ல. ஆனால் அங்கே இன்னொன்றும் சேர்கிறது. நீங்கள் முதலில் தாண்டித் தோற்றபின் பாங்கியும் தாண்டினால், உங்கள் கொட்டை திரும்பி வராது.

வீட்டில் இது அநியாயமில்லை. பான்டூன் பெற்றவர் அடுத்த பாங்கிக்காரர் ஆவதால் அந்தச் சாதகம் சுற்றி வருகிறது. சூதாட்ட விடுதியில் பாங்கி கைமாறுவதே இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாடாளுமன்றம் 2025இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

நண்பருடன் 160 தடவை கட்டையை உருட்டி, சமம் எத்தனை என்று எழுதுங்கள். 40க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது?