சுறா என்னும் மூலதனம்

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் முத்தியால்பேட்டையிலும் வழக்கம். அந்தப் புட்டை நானும் விரும்பி உண்பவன்தான். ஆயினும் பொருளியல் பயின்றவன் என்ற முறையில் சுறாவை மூலதனமாகவே பார்க்கிறேன்.

மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குறைந்தாலும் விரைவில் பெருகும். சுறாக்களில் பலவும் பருவமடையப் பல ஆண்டுகளாகும். ஈனும் குட்டிகளும் சிலவே. அவற்றை அளவின்றிப் பிடிப்பது, வட்டியை விட்டு மூலதனத்தையே உண்பதாகும். பெருங்கடல் சுறா, திருக்கை ஆகியவற்றின் எண்ணிக்கை 1970க்குப் பின் 71 விழுக்காடு சரிந்துள்ளதாக 2021இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

இழப்பு சுறாவோடு நிற்பதில்லை. அது குறைந்தால் இடைநிலை வேட்டை மீன்கள் பெருகலாம். அவற்றுக்கு இரையாகும் பாசிமேயும் மீன்கள் அருகலாம். அப்போது மன்னார் வளைகுடாவில் உள்ளவை போன்ற பவளப் பாறைகளைப் பாசி மூடும் அபாயம் உண்டு.

திமிங்கிலச் சுறாவுக்கு 2001இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஆனால், வேறு மீனுக்கு விரித்த வலையிலும் சுறா சிக்குகிறது. வலை சட்டம் அறியாது. குஜராத்தில் திமிங்கிலச் சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு இழப்பீடு வழங்கப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட சுறாக்கள் அனைத்துக்கும் இந்த ஏற்பாட்டைப் புதுவையும் தமிழகமும் விரிவாக்க வேண்டும். கடலைக் காக்கும் செலவை ஏழை மீனவர் மட்டும் சுமப்பது நியாயமன்று.