எரிமலைப் பாறைமேல் ஒரு சறுக்குத்தடம்

குளிர்நாடுகளில் சறுக்குவண்டிக்கு வேண்டிய வழுக்கலைப் பனியே தந்துவிடுகிறது. பசிபிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகளால் உருவான ஹவாய்த் தீவுகளின் கரையோரச் சரிவுகளிலோ வெறுங்காலைக் கிழிக்கும் கரடுமுரடான கரும்பாறைகளே பரந்து கிடக்கின்றன. அந்தப் பாறையின் மேலேயே வழுக்கும் தளம் ஒன்றைக் கட்டியெழுப்பி, ஒடுங்கிய மரச்சட்டத்தில் குப்புறப் படுத்துப் பாய்ந்த பண்டைய ஹவாய் மக்களின் விளையாட்டே ஹோலுவா. அதே மக்கள் உலகுக்குத் தந்த அலைச்சறுக்கு பெற்ற புகழில் சிறு பங்கும் இதற்குக் கிட்டவில்லை என்றாலும், பொறியியல் நுட்பத்தில் இது அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

நுட்பத்தின் பெரும்பகுதி தடத்திலேயே அடங்கியிருக்கிறது. பெரிய எரிமலைக் கற்களைச் சரிவு நெடுகிலும் அடுக்கி, இடுக்குகளைச் சிறுகற்களால் நிரப்பி மட்டப்படுத்தியபின், அதன்மீது புல்லைக் கனமாகப் பரப்பினார்கள். சட்டத்தின் அடிப்பகுதிக்குக் குக்குயி மரத்தின் கொட்டையில் பிழிந்த எண்ணெயைப் பூசினார்கள். உராய்வு, அதாவது இரு பரப்புகள் உரசும்போது இயக்கத்தைத் தடுக்கும் விசை, இவ்வாறு மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேரக் குறைக்கப்பட்டது. இத்தகைய தடங்களில் எஞ்சியவற்றுள் மிகப் பெரியது ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் உள்ள கெயாவுஹோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்த அதில் இன்று 400 மீட்டருக்குச் சற்றுக் குறைவான பகுதியே நிற்கிறது. 1962இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

1823இல் அத்தீவைச் சுற்றிவந்த ஆங்கில மறைப்பணியாளர் வில்லியம் எல்லிஸ், சறுக்குச் சட்டத்தின் அளவுகளைக் குறித்துவைத்துள்ளார். 7 முதல் 18 அடி வரை நீளமுள்ள இரண்டு வழவழப்பான மரத்தண்டுகள், முன்புறத்தில் இரண்டரை அங்குல இடைவெளியில் தொடங்கிப் பின்புறத்தில் ஐந்து அங்குலமாக விரியும் வகையில், குறுக்குக் கட்டைகளால் இணைக்கப்பட்டிருந்தன. அம்மக்களின் கைத்திறன் முழுவதும் அந்த இணைப்புகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியதில் தெரிகிறது.

இவ்வளவு ஒடுங்கிய சட்டத்தின்மேல் சமநிலை காப்பது எத்தனை அரிது என்பதை எளிய கணக்கே காட்டிவிடும். ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியே ஈர்ப்புமையம். அது அடித்தளத்தின் விளிம்பைத் தாண்டிச் சென்றால் பொருள் கவிழும். நின்றபடி செல்பவரின் ஈர்ப்புமையம் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க, பாதி அகலமோ ஆறு சென்டிமீட்டரளவே என்பதால், மூன்றரைப் பாகை சாய்ந்தாலே போதும்; படுத்துச் செல்பவருக்குச் சுமார் பதின்மூன்று பாகை வரை இடமுண்டு. வேகத்தைப் பொறுத்தவரை, உராய்வே இல்லை என்று கொண்டால், 25 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் மணிக்கு 80 கிலோமீட்டரை எட்டிவிடலாம். உண்மையில் அதற்குக் கூடுதலான இறக்கம் தேவைப்பட்டது, நீண்ட தடங்கள் அதைத் தாராளமாகவே தந்தன.

பெரும்பாலும் தலைவர்குலத்தாருக்கே உரியதாக இருந்த இவ்விளையாட்டுக்கு எரிமலைத் தெய்வமான பெலேயின் கதைகளிலும் இடமுண்டு. பூனா வட்டாரத் தலைவன் கஹாவலி சறுக்கிக்கொண்டிருந்தபோது, பெண்ணுருவில் வந்து போட்டியிட்ட பெலே அவனுடைய சட்டத்தைக் கேட்டாள் என்றும், அவன் மறுக்கவே சினந்து, எரிகுழம்பைப் பெருக்கிக் கடல்வரை துரத்தினாள் என்றும், அவன் படகேறித் தப்பினான் என்றும் ஒரு கதை கூறுகிறது. பூனா, கிலாவேயா எரிமலையின் கிழக்குப் பிளவு மண்டலத்தின்மீதே அமைந்திருக்கிறது. 2018இலும் அங்கே எரிகுழம்பு வீடுகளை விழுங்கிக் கடலில் போய்க் கலந்தது. கதையைக் கட்டியவர்கள் தம் கண்முன் நிகழ்ந்த நிலவியலையே அதில் பதிந்துவைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

மறைப்பணியாளர்கள் 1820இல் வந்திறங்கிய பின்னர், மக்கள் மதம் மாறியும் பழைய ஆட்சிமுறை குலைந்தும் போன நிலையில், அந்த நூற்றாண்டிலேயே இவ்விளையாட்டு வழக்கொழிந்தது. டாம் போஹாகு ஸ்டோன் என்ற ஹவாய்க் கைவினைஞர் பழைய அளவுகளின்படி சட்டங்களைச் செதுக்கி, அவற்றில் தாமே பாய்ந்தும் காட்டி, இளைஞர்களுக்கு அதை மறுபடியும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.