நுரையீரல் தொற்றுக்குப் பின் ஆபரேஷன்: எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

நிமோனியா வந்து, காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. முன்பே குறித்துவைத்த ஹெர்னியா ஆபரேஷன் தேதி நெருங்குகிறது. அலுவலகத்தில் விடுப்பு சொல்லியாயிற்று; காப்பீட்டு அனுமதியும் வந்துவிட்டது. இந்த நிலையில் தேதியைத் தள்ளிப்போட வேண்டுமா? அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், பெரும்பாலும் ‘ஆம்’ என்பதே பதில்.

காய்ச்சல் விட்டதும் நுரையீரல் ஆறிவிடுவதில்லை. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள் ஓயாமல் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. தொற்றில் சேதமடையும் இவை மீண்டும் சீராக இயங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சிறு உறுத்தலுக்கும் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். முழு மயக்கம் கொடுக்கும்போதோ அந்தக் குழாய்க்குள்தான் செயற்கைச் சுவாசக் குழாய் நுழைகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகளும் ஓரளவு சுருங்குகின்றன. வயிற்றில் கத்தி பட்டிருந்தால் வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்கவோ நன்றாக இருமவோ முடியாது. சளி தேங்குகிறது, மீண்டும் நிமோனியாவுக்கு வழி திறக்கிறது.

ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 2,464 நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வு, அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரல் சிக்கலைக் கூட்டும் ஏழு காரணிகளைப் பட்டியலிட்டது. முந்தைய ஒரு மாதத்துக்குள் வந்த சுவாசத் தொற்று அவற்றில் ஒன்று.

கொரோனா காலம் இதை இன்னும் தெளிவாக்கியது. 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,40,231 பேரின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. தொற்றே வராதவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 1.5 சதவீதம். தொற்று உறுதியாகி இரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் 4.1 சதவீதம், ஐந்தாறு வாரங்களிலும் 3.6 சதவீதம். ஏழு வாரங்களுக்குப் பின்பே அது 1.5-க்கு இறங்கியது. ஆனால் ஏழு வாரம் கடந்தும் அறிகுறிகள் நீடித்தவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள். நாட்களை எண்ணினால் மட்டும் போதாது, உடல் தேறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

தடுப்பூசி பரவிய பின் கொரோனாவுக்கான காத்திருப்பு தளர்த்தப்பட்டு, நோயாளியின் நிலையைப் பொறுத்து முடிவெடுக்கிறார்கள். நிமோனியாவுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் அதிகம் தேவைப்படலாம்.

எல்லாவற்றுக்கும் காத்திருக்கவும் கூடாது. குடல் சிக்கி இறுகிய ஹெர்னியா, வெடித்த குடல்வால், இடுப்பு எலும்பு முறிவு போன்றவற்றில் தாமதமே பெரிய ஆபத்து. புற்றுநோய் என்றால் இரண்டு பக்க ஆபத்தையும் மருத்துவர்கள் எடைபோடுவார்கள். சில அறுவை சிகிச்சைகளை முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தும் முடிக்கலாம்.

காத்திருக்கும் வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். தினமும் நடந்து, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்திருந்தால் அதில் ஊதாதீர்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

முக்கியமாக, தேதி தள்ளிப்போய்விடுமோ என்று பயந்து இருமலையும் சளியையும் மறைக்காதீர்கள். தொற்று எப்போது வந்தது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு இன்னொரு தேதி குறித்துக்கொள்ளலாம்; நுரையீரலுக்குத் தேவையான அவகாசத்தை மட்டும் குறைக்க முடியாது.