விமரிசகர் தீர்ப்பும் மக்கள் தீர்ப்பும்

எங்கள் பரளச்சி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கு விளையும் மிளகாய் வற்றலை இருவர் மதிப்பிடுகின்றனர். மண்டி வியாபாரி கையில் அள்ளி நிறம் பார்ப்பார். குலுக்கி விதையின் ஓசை கேட்பார். ஒடித்துப் பார்த்து ஈரம் அறிவார். பல்லாயிரம் மூட்டைகளைக் கண்டு பழகிய கண் அவருடையது. குழம்பு வைக்கும் இல்லத்தரசியோ தாம் வாங்கிய வற்றலை மட்டுமே அறிவார். ஆயினும், காரமும் மணமும் நாவில் எவ்வாறு நின்றன என்று சொல்லத் தக்கவர் அவரே. முன்னவரின் தீர்ப்பு ஒப்புநோக்கில் பிறந்தது. பின்னவரின் தீர்ப்பு பயனில் பிறந்தது. கலைப் படைப்புகளுக்கும் இவ்விரு வகை மதிப்பீடுகள் உண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படும்போது யாரை நம்புவது?

தமிழ்த் திரைப்பட வரலாற்றிலிருந்து இரு சான்றுகள் தருகிறேன். 1952-ஆம் ஆண்டு தீபாவளியன்று 'பராசக்தி' வெளிவந்தது. வசனம் மு. கருணாநிதி; கதாநாயகர், திரைக்குப் புதியவரான சிவாஜி கணேசன். சமயத்தையும் சமூகத்தையும் தாக்கிய அப்படத்தைச் சில பத்திரிகைகள் கடுமையாகச் சாடின. மக்களோ அதன் வசனங்களை மனப்பாடம் செய்தனர். பல ஊர்களில் படம் நூறு நாட்களைக் கடந்து ஓடியது.

1954-இல், அதே கணேசன் நடிக்க, எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்னும் படத்தை இயக்கினார். வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையைப் பலரும் தத்தம் நோக்கில் விவரிப்பது கதை. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. விமரிசகர் பாராட்டினர், மத்திய அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆயினும், வெளிவந்தபோது மக்கள் ஆதரவு போதிய அளவில் இல்லை. இன்று இரண்டு படங்களுமே திரையுலக மைல்கற்களாகப் போற்றப்படுகின்றன.

இவற்றால் நாம் அறிவது யாது? ஜப்பானியரான அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' போன்ற அயல்நாட்டுப் படங்களை அறிந்த விமரிசகர், 'அந்த நாள்' படத்தின் புதுமையை உடனே இனங்கண்டார். பாட்டை எதிர்பார்த்துக் காசு கொடுத்தவருக்கு அப்புதுமை குறையாகத் தோன்றியது. பழக்கம் அவர் கண்ணை மறைத்தது. 'பராசக்தி'யிலோ, கொள்கைப் பகை சில விமரிசகரின் கண்ணை மறைத்தது. அதன் தமிழின் ஆற்றலைக் கொட்டகையில் இருந்தவர்களே முதலில் உணர்ந்தனர்.

இக்காலத்தில் உணவு விடுதிக்கும் நூலுக்கும் எவரும் கைப்பேசியில் நட்சத்திரம் வழங்கலாம். ஆனால், பாதிப் பேர் ஐந்தும் மீதிப் பேர் ஒன்றும் அளித்தால் சராசரி மூன்று ஆகும். மூன்று என்று கருதியவர் ஒருவரும் இரார்! காசுக்கு எழுதும் பொய்ப் புகழும் இதில் கலக்கிறது. அதனைக் கட்டுப்படுத்த, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென ஒரு தரநெறியை வகுத்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, எந்த மதிப்புரையையும் மூன்று வினாக்களால் சோதியுங்கள். எழுதியவர் தாமே நுகர்ந்தாரா? எந்த அளவுகோலால் அளந்தார்? காரணம் கூறினாரா? மதிப்பெண்ணைக் காட்டிலும் காரணமே பயன் தரும். காரணத்தை அறிந்தால், அவர் வெறுத்த ஒன்றையே நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவும் இயலும்.