படிக்க நேரமே கிடைக்கலையா? தினசரி வேலை ஒன்றோடு முடிச்சுப் போடுங்க!

‘தினமும் காலை 6 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் படியுங்கள்.’ வாசிப்புப் பழக்கம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். குழந்தைக்கு டிபன் பாக்ஸ் கட்டுற நேரத்துல இது நடக்குற காரியமா?

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தை எடுத்துக்கோங்க. மீன்பிடித் தொழிலும், தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளமும் உள்ள கடலோர ஊர். உப்பளத்துல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வேலையைத் தொடங்கணும். கடலுக்கு எப்போ போறதுங்கறதைக் காற்றும் அலையும் முடிவு பண்ணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வடகிழக்குப் பருவமழை வந்தா உப்பு உற்பத்தி நின்னுடும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் மாறுற வீட்டுல ‘காலை 6 மணி’ என்ற திட்டம் எத்தனை நாள் தாங்கும்? ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற நகரத்துப் பெற்றோருக்கும் இதே சிக்கல்தான்.

பழக்கம் எப்படி உருவாகுது?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வு 2009-ல் வெளியானது. 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் நடக்கும் ஒரு செயலோடு சேர்த்து 12 வாரங்கள் செய்து பார்த்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள்கள் ஆகும் என்று தெரிந்தது. ஆனால், ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்: 18 நாள் முதல் 254 நாள் வரை.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு ராத்திரி புத்தகத்தைத் தொடலையா? மறுநாள் தொடருங்க, அவ்வளவுதான்.

எந்த வேலையோடு சேர்ப்பது?

நேரம் மாறினாலும் நின்னுபோகாத வேலையாகப் பாருங்க. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும், பிள்ளைக்குப் பாய் விரிச்சதும், வேலைக்குப் போய்வந்து குளிச்சு டீ குடிக்கும்போது... இதில் ஏதாவது ஒன்று. மணி எட்டானாலும் பத்தானாலும் அந்த வேலை முடிஞ்சதும் 2 பக்கம்.

எதைப் படிப்பது?

பள்ளிக் கல்வித்துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ குழந்தைகளுக்கான புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என 4 நிலைகளாகப் பிரித்திருக்கிறது. ரொம்ப நாளாகப் படிக்காத பெரியவர்களும் ‘நுழை’யில் தொடங்கலாம், தப்பே இல்ல. குழந்தையின் கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேர் வாசிப்பும் நடக்கும். அம்மா, அப்பாவுக்குச் சரளமாகப் படிக்க வரலையா? பிள்ளை படிக்கட்டும், நீங்க கேளுங்க. பாதிக் கதையில, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ன்னு கேட்டாலே பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பும்.

புத்தகம் எங்கே இருக்கு?

ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது, எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அப்துல் கலாம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டிலோ ஊர் நூலகத்திலோ இரவல் வாங்கினாலே போதும். மொபைலில் என்றால், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் இலவசமாகப் படிக்கலாம்.

இன்னிக்கே செய்ய 3 விஷயங்கள்

* தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்க.
* அந்த வேலை நடக்கும் இடத்திலேயே புத்தகத்தை வைங்க. சமையலறை அலமாரியா இருந்தாலும் சரி.
* 2 பக்கம் முடிஞ்சா மூடிடலாம். தூக்கம் வரலைன்னா மூணாவது பக்கம் உங்க இஷ்டம்.