பிச்சாவரம் உப்பங்கழியில் ஓர் உதயகாலப் படகுப் பிரயாணம்

சிதம்பரத்திற்குக் கிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே, பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இது அங்கீகரிக்கப்பெற்றது. பட்சிகளைக் காணவும் பொழுது போக்கவும் இங்கு வருவோர் பலர். உவர் நிலத்தோடு போராடும் கடலோரத் தாலூகாக்களின் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் வருவதோ அரிது. அவர்களே அவசியம் காணவேண்டிய இடம் இது என்பது எமது அபிப்பிராயம்.

சென்ற தை மாதத்தில் எம் வட்டத்து விவசாயிகள் சிலருடன், உரிய அனுமதி பெற்று, சூரியோதயத்திற்குச் சற்று முன்னர் இரண்டு துடுப்புப் படகுகளில் புறப்பட்டோம். இயந்திரப் படகின் ஓசைக்குப் பட்சிகள் கலைந்துவிடும். கயாக் என்னும் ஒடுங்கிய சிறு ஓடமாயின் இன்னும் உத்தமம். தாழ்ந்த கிளைகளினடியிலும் அது நுழைந்து செல்லும். கிளைக் கால்வாய்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றுவதால், வழியறிந்த ஓடக்காரர் இன்றி உள்ளே செல்லலாகாது.

வெளிச்சம் பரவுமுன்பே கொக்குகளும் நீர்க்காகங்களும் மரங்களை விட்டு எழுந்தன. பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஓதம் வடிந்த சேற்றில் வலசை வரும் உள்ளான்கள் இரை பொறுக்கின. நரியின் காலடித் தடங்களை ஓடக்காரர் காட்டினார். சேற்றின்மீது தாவித் திரியும் சிறு மீன்களையும், ஒரு கொடுக்கு மாத்திரம் பெருத்த நண்டுகளையும் கண்டு எங்கள் குழுவினர் வியப்புற்றனர். வரப்பைத் துளைக்கும் நண்டின்மீது தீராக் கோபமுள்ள பெரியவர் ஒருவர், "இங்கேயும் இதே வேலைதானா?" என்றார். இங்கே அவ்வேலை நன்மை பயப்பது. வளைகளின் வழியே காற்றும் நீரும் இறுகிய சேற்றினுள் இறங்குகின்றன. நண்டுதான் இந்நிலத்தின் ஏர் எனலாம்.

மரங்கள் உப்பைச் சமாளிக்கும் வகையும் கவனிக்கத்தக்கது. சுரபுன்னை தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதன் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல் சேற்றில் விழுந்து ஊன்றுகிறது. வெண்கண்டல் உட்கொண்ட உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்தால் கரிக்கும். இம்மரத்தின் மரபுக்கூறுகளை நெல்லில் புகுத்தி, சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்துள்ளனர்.

எனினும் எத்துணை உப்பையும் இம்மரங்கள் தாங்குமென்று எண்ணலாகாது. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-களை ஒட்டிய காலம் வரையில் இக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டு வந்தது. நிழலற்ற சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தட்டுப்போல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. நீர் ஆவியாக, உப்பு மாத்திரம் மேன்மேலும் மிகுந்தது. ஆறுகளில் நன்னீர் வரத்துக் குறைந்ததும் இதற்குத் துணைசெய்தது. முடிவில் அலையாத்தி மரமும் முளைக்காத பாழ் நிலங்கள் உண்டாயின.

1990-களில் மேற்கூறிய நிறுவனத்தாரும் வனத்துறையினரும் கிராமத்தாருடன் சேர்ந்து, அப்பாழில் மீன்முள் வடிவாக வாய்க்கால்கள் வெட்டினர். இயற்கைக் கால்வாயிலிருந்து ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் கிளைகள். ஏற்றத்தில் நீர் புகுந்தது, வற்றத்தில் வடிந்தது, உப்பும் உடன் சென்றது. பின்னரே கரைகளில் கன்றுகள் நட்டனர். இன்று அங்கே அடர்ந்த காடு நிற்கிறது.

எங்கள் படகு நெடுநேரம் நின்றது இவ்விடத்திலேதான். ஜிப்ஸம் இட்டும் பயனில்லை என்று எம்மிடம் முறையிடும் விவசாயிகள் அநேகர். அவர்களது வயலைப் போய்ப் பார்த்தால், வடிகால் நாணல் மண்டித் தூர்ந்தோ, பக்கத்து நிலத்தோடு சேர்ந்தோ கிடக்கும். களருக்கு ஜிப்ஸம் இட்டாலும் உவருக்கு நன்னீர் கட்டினாலும், கரைந்த உப்பு வெளியேற வழி வேண்டுமன்றோ? பொது வடிகாலின் ஆக்கிரமிப்பு ஒருவர் வயலோடு நிற்பதன்று; மேலண்டை வயல்கள் அனைத்தையும் அது கெடுக்கும். கிராம அதிகாரிகள் இதில் தாட்சணியம் பாராட்டலாகாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையின்போது, வெட்டவெளிக் கடற்கரைக் குப்பங்கள் பெருஞ்சேதமுற, காட்டின் பின்னிருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. கரையினின்று தூரமும் நிலத்தின் உயரமுமே முக்கிய காரணம் என்போரும் உளர். காடும் அலையின் வேகத்தைத் தணித்திருக்குமென்றே நாம் கருதுகிறோம்.

செல்ல விரும்புவோர்க்கு மழை ஓய்ந்த மார்கழிப் பிற்பாதியும் தையும் உகந்தவை. குடிநீர் உடன் கொண்டு செல்க. கரையோரத் தில்லை மரத்தின் கிளையை ஒடித்தலாகாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து.