வரப்பில் புல் வெட்டும் என்ஜின் வானில் பறக்குமா?

வரப்பு, தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை என்று எங்கே புல் மண்டினாலும் இப்போது பிரஷ் கட்டர்தான் கைகொடுக்கிறது. வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தக் கருவியின் பின்முனையில் இருக்கும் சின்னஞ்சிறு ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னொரு வேலையும் பார்க்கிறது. மாதிரி விமானம் விடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அதைக் கழற்றி, இரண்டு, மூன்று மீட்டர் இறக்கை கொண்ட பெரிய மாதிரி விமானங்களின் மூக்கில் பொருத்துகிறார்கள்.

காரணம், சிக்கனம். மாதிரி விமானங்களுக்கென்றே செய்யப்படும் சிறிய என்ஜின்கள் பல, மெத்தனாலில் ஓடுபவை. அதோடு ஆமணக்கு எண்ணெயோ செயற்கை எண்ணெயோ கலக்க வேண்டும். செலவு அதிகம். பிரஷ் கட்டர் என்ஜினுக்கு பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் போதும், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைகள் ஸ்பேனரோடு கிளம்புவதற்கு முன், அந்த என்ஜினில் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அதைப் பார்த்தாலே, வயலில் அந்த என்ஜின் ஏன் சீக்கிரம் படுத்துவிடுகிறது என்பதும் விளங்கிவிடும்.

இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. அதனால் சத்தம் குறைவு, எரிபொருள் மிச்சம். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. வால்வு, கேம், ஆயில் அறை எல்லாம் சேருவதால் எடை மட்டும் கூடும்.

உதாரணத்துக்கு, பிரஷ் கட்டர்களில் வரும் ஹோண்டா ஜி.எக்ஸ் 35 என்ஜின் 35.8 சி.சி. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் சுமார் 1.3 குதிரைத்திறன் தரும். எடை 3.3 கிலோவுக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ இதே சி.சி.யில் விமானத்துக்கென்றே செய்யப்பட்ட டூ ஸ்ட்ரோக் என்ஜின் சுமார் ஒரு கிலோதான். ஆகவே, பெரிய இறக்கை உள்ள, நிதானமாகப் பறக்கும் மாதிரிகளுக்குத்தான் இந்த மாற்றம் ஒத்துவரும்.

கடலைத் தாண்டிய பத்து சி.சி.

சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினின் சிக்கனத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 2003 ஆகஸ்ட் 9-ம் தேதி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து ஒரு மாதிரி விமானம் கிளம்பியது. பால்சா மரத்தால் ஆன அதன் எடை, எரிபொருளோடு சேர்த்தே ஐந்து கிலோவுக்குள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி, ஆகஸ்ட் 11-ம் தேதி அயர்லாந்து கடற்கரையில் இறங்கியது. ஏறத்தாழ 3,030 கி.மீ. தூரத்தை 38 மணி 52 நிமிடத்தில் கடந்தது. செலவான எரிபொருள் நான்கு லிட்டருக்கும் குறைவு.

அதைச் செய்தவர் அமெரிக்காவின் மேனார்ட் ஹில். அப்போது அவருக்கு வயது 77, கண்பார்வையும் மிக மங்கியிருந்தது. முந்தைய முயற்சிகள் தோற்றும் அவர் விடவில்லை. விமானத்தில் இருந்தது பத்து சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி விமான என்ஜின். அதை மெத்தனாலிலிருந்து விளக்கு எரிபொருளுக்கு மாற்றியிருந்தார். சோதனைப் பறத்தலுக்கு இடம் கொடுத்தது ஒரு பண்ணை. அந்த நன்றிக்காக விமானத்துக்கு 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்' என்று அந்தப் பண்ணையின் பெயரையே வைத்தார்கள்.

கழற்றுவதும் மாற்றுவதும்

பிரஷ் கட்டர் என்ஜினில் முதலில் போவது கிளட்ச், கயிறு இழுக்கும் ஸ்டார்டர், பெட்ரோல் டேங்க், பிளாஸ்டிக் மூடி. கிளட்ச் இருந்த இடத்தில், லேத்தில் கடைந்த உலோகப் பிடி ஒன்றைப் பொருத்தி, அதில் புரொப்பல்லரை போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். பிடி மயிரிழை கோணினாலும் அதிர்வு கிளம்பி பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது ஃப்ளைவீல். அதில் உள்ள காந்தம்தான் காயிலைக் கடக்கும்போது பிளக்கில் பொறி வரவைக்கிறது. அதில் உள்ள இறகுகள்தான் என்ஜினுக்கு விசிறி. எடையைக் குறைக்கச் சிலர் ஃப்ளைவீலைக் கடைகிறார்கள். சிலர் அதை எடுத்துவிட்டு பேட்டரியில் இயங்கும் எலெக்ட்ரானிக் பொறி அமைப்பை வைக்கிறார்கள். விசிறி போனால், புரொப்பல்லர் தள்ளும் காற்று சிலிண்டர் துடுப்புகளின் இடுக்கு வழியாகவே போகும்படி தகடு வைக்க வேண்டும். தகடு இல்லாமல் விட்டால், காற்று பக்கவாட்டில் நழுவிப்போய், பறந்துகொண்டே என்ஜின் சூடேறும்.

கார்புரேட்டரில் பெரிய வேலை இல்லை. பிரஷ் கட்டரில் இருப்பது சவ்வு வகை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் பெட்ரோல் தடையில்லாமல் வரும். ஜி.எக்ஸ் 35 போன்றவற்றில் ஆயிலும் எந்தச் சாய்விலும் பனிபோல் சிதறி உள்ளே பரவும்படி அமைப்பு உண்டு. தலைகீழாகப் புரளும் விமானத்துக்கு இந்த இரண்டும் அவசியம்.

சுமைதான் கடிவாளம்

மாற்றியமைப்பதில் முக்கியமான முடிவு புரொப்பல்லரின் அளவு. சிறியதைப் போட்டால் என்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றும். பெரியதைப் போட்டால் மூச்சுத்திணறிச் சூடாகும். நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே, அதே வேகத்தில் சுற்ற ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும்.

இந்தக் கணக்கு பிரஷ் கட்டரின் நைலான் கம்பிக்கும் பொருந்தும். பலர், 'ஒரே வீச்சில் அதிகம் வெட்டலாம்' என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பியை நீளமாக விடுகிறார்கள். அந்த மூடியில் இருக்கும் சிறு கத்தி, கம்பி அளவுக்கு மேல் நீளாமல் நறுக்குவதற்காகவே வைக்கப்பட்டது. அதை எடுத்தால் என்ஜின் தாங்கும் சுமையைத் தாண்டி உழைக்கும். கிளட்ச் தேயும், சூடேறும். களை எடுக்கும் நாளில் மெஷின் மெக்கானிக் கடையில் கிடக்கும்.

வயலுக்கு நான்கு பாடங்கள்

• சிலிண்டர் துடுப்புகளில் புல்லும் தூசியும் அடைத்தால், தகடு வைக்காத விமான என்ஜினின் கதிதான். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

• ஜி.எக்ஸ் 35 என்ஜினில் இருக்கும் ஆயில் 100 மில்லிதான். கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. தினமும் பார்க்க வேண்டும்.

• புது என்ஜினில் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை.

• ஃபோர் ஸ்ட்ரோக்கின் பெட்ரோல் டேங்கில் டூ-டி ஆயில் கலக்கக் கூடாது.

விரலும் சட்டமும்

18 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 600 கி.மீ. வேகத்தில் போகிறது. கை பட்டால் விரல் மிஞ்சாது. என்ஜினைக் கனமான மேடையில் இறுகப் பொருத்தி, நிறுத்தும் சுவிட்சைக் கைக்கெட்டும்படி வைத்துத்தான் ஓட்டிப்பார்க்க வேண்டும். புரொப்பல்லர் சுற்றும் வட்டத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

நம் நாட்டில் 2021-ம் ஆண்டு டிரோன் விதிகள் ஆளில்லா மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். பறக்கத் தடை உள்ள பகுதிகளை 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி–பதில்

*தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் பம்பின் என்ஜினை இப்படி மாற்றலாமா?*

கூடாது. அதில் மிதவை வகை கார்புரேட்டர் இருக்கும். ஆயிலும் அடியில் தேங்கியிருக்கும். சாய்த்தால் இரண்டுமே தவறிவிடும். எடையும் 15 கிலோ அளவுக்கு வரும்.

*பழைய டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி என்ஜின் சும்மா கிடக்கிறது. அது உதவுமா?*

உதவும். வெளிநாடுகளில் மாதிரி விமானங்களுக்கு அதிகம் மாற்றப்பட்டவை புல்வெட்டி, மரம் அறுக்கும் மெஷின்களின் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள்தான். எடை குறைவு, ஆயில் அறையும் இல்லை.

*இப்படிச் செய்த விமானத்தால் பயிருக்கு மருந்து தெளிக்கலாமா?*

கூடாது. இவை கண்ணுக்கெட்டும் தூரத்தில் பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறப்பவை. மருந்து தெளிக்க, அதற்கென அனுமதி பெற்ற டிரோனும் சான்றிதழ் பெற்ற இயக்குநரும் வேண்டும்.

*ஓடிக்கொண்டிருக்கும் பிரஷ் கட்டரைப் பிரித்துச் செய்து பார்க்கலாமா?*

வேண்டாம். என்ஜினை மாற்றியமைத்தால் கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றிக் கடைந்துவிட்டால், அதைத் திரும்ப வரப்புக்குக் கொண்டுவருவது சிரமம். தண்டு உடைந்தோ, பிளேடு பகுதி வீணாகியோ மூலையில் கிடக்கும் கருவியின் என்ஜின்தான் இதற்குச் சரி.